ஆப்பிளும் பனையும்



நீங்கள் பள்ளியிலும் கல்லூரியிலும் படிக்கின்ற ஆங்கிலக் கதைகளில் ஒரு பலகாரம் அடிக்கடி தலைகாட்டும். வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும். வீட்டுக்குள்ளே பாட்டி ரொட்டி அடுப்பின் கதவைத் திறப்பாள். பட்டையின் மணமும் வெண்ணெயின் மணமும் வீடெங்கும் பரவும். எங்கெங்கோ விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாரும் வந்து மேசையைச் சூழ்ந்து உட்காருவர். அந்தப் பலகாரத்தின் பெயர் 'ஆப்பிள் பை'. மாவினால் கிண்ணம்போல் ஓர் உறை செய்து, அதனுள் ஆப்பிள் துண்டுகளை நிரப்பி, மேலே மற்றொரு மாவுத் தகட்டால் மூடி, அடுப்பில் வைத்துச் சுட்டெடுப்பது அது.

எங்கள் சங்கரன்கோவிலில் கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி என்னை ஒரு கேள்வி கேட்டாள். "வீட்டில் உள்ளவர்கள் எல்லாரும் கூடிச் செய்து, கூடி உண்ணுகிற அப்படிப்பட்ட பலகாரம் நமக்கு உண்டா, அம்மா?" என்பதே அக்கேள்வி. கேள்வி சிறியது; ஆயினும் அதற்குள் ஒரு பெரிய பொருள் அடங்கியிருக்கிறது. பிறர் வீட்டு அடுப்பைப் பற்றிப் புத்தகத்தில் படித்து ஏங்குகிற நம் இளைஞர், தம் வீட்டு அடுப்பில் என்ன நடந்தது என்பதை அறியாமல் வளர்கின்றனரோ என்ற எண்ணம் எனக்கு உண்டாயிற்று. ஆகையால் இன்று ஆப்பிளைப் பற்றியும் பனையைப் பற்றியும் சேர்த்தே பேச விரும்புகிறேன்.

முதலில் அவர்கள் வீட்டுக்குப் போவோம். ஆப்பிளில் பலகாரம் செய்யும் வழக்கம் ஐரோப்பாவில் மிகவும் பழையது. இங்கிலாந்தில் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பெற்ற சமையற் குறிப்புகளில் ஆப்பிள் பைக்குரிய செய்முறை ஒன்று காணப்படுகிறது. ஆப்பிள், பேரிக்காய், அத்தி, உலர்ந்த திராட்சை, வாசனைப் பொருள்கள், குங்குமப்பூ ஆகியவற்றை அது கூறுகிறது. ஆனால் இன்று நாம் இனிப்புக்கு இன்றியமையாதது என்று கருதும் சர்க்கரையை அது கூறவில்லை. அக்காலத்தில் அங்கே சர்க்கரை தொலைதூரத்திலிருந்து வந்த அரிய பண்டம். ஆகவே அத்தியும் திராட்சையும் தம்முள் வைத்திருந்த இனிப்பே போதுமானதாயிற்று. கையில் இருப்பதைக்கொண்டு இனிப்புச் செய்தனர் என்பதை இங்கே நினைவில் வையுங்கள்.

அந்த நாட்டில் ஆப்பிள் பழுப்பது இலையுதிர் காலத்தில். அதனையடுத்து வருவது கொடிய குளிர்காலம். மரங்கள் மொட்டையாகி, தோட்டங்கள் உறைந்துவிடும். அப்போது உண்பதற்கு என்ன செய்வது? நல்ல வேளையாக, ஆப்பிள் வகைகள் சில நெடுநாள் கெடாமல் இருப்பவை. அவற்றை வைக்கோலில் அடுக்கி, குளிர்ந்த நிலவறையில் வைத்துக் காத்தார்கள். வேண்டியபோது நாலைந்து பழங்களை எடுத்து வந்தார்கள். வாரத்தில் ஒருநாள் ரொட்டி சுடுவதற்காகச் செங்கல் அடுப்பை மூட்டுவார்கள். ரொட்டி வெந்தபின்பும் அந்த அடுப்பில் சூடு நிற்கும். அந்தச் சூட்டை வீணாக்காமல் பையை உள்ளே வைத்தார்கள். சேமித்த பழமும், மிஞ்சிய சூடும், வீட்டிலுள்ள மாவும் வெண்ணெயும் சேர்ந்து பிறந்ததே அந்தப் பலகாரம். அது செல்வத்தில் பிறந்தது அன்று; சிக்கனத்தில் பிறந்தது.

ஆங்கிலேயர் சமையலுக்கென்றே போற்றும் ஆப்பிள் ஒன்று உண்டு. 'பிராம்லி' என்பது அதன் பெயர். பச்சையாகக் கடித்தால் புளிக்கும். வெந்தால் பஞ்சுபோலக் குழையும். அதன் வரலாறு சுவையானது. 1809ஆம் ஆண்டில் சவுத்வெல் என்ற ஊரில் மேரி ஆன் பிரெயில்ஸ்ஃபோர்டு என்னும் சிறுமி சில ஆப்பிள் விதைகளை நட்டாள். அவற்றுள் ஒன்று முளைத்து மரமாயிற்று. பிற்காலத்தில் அந்த வீட்டைப் பிராம்லி என்ற இறைச்சிக் கடைக்காரர் வாங்கினார். மரத்தின் கிளைகளை ஒட்டுக்கட்டி விற்க முன்வந்த நாற்றங்கால்காரரிடம், பழத்துக்குத் தம் பெயரே இருக்கவேண்டும் என்று அவர் நிபந்தனை விதித்தார். அவ்வாறே ஆயிற்று. விதை நட்ட சிறுமியின் பெயர் பழத்துக்கு வரவில்லை. வீட்டை வாங்கியவரின் பெயரே நிலைத்துவிட்டது. சமையற்கட்டின் வரலாறும் பெரும்பாலும் இத்தகையதே. செய்த கை ஒன்று. பெயர் பெறுவது மற்றொன்று.

ஆப்பிளை ஐரோப்பாவின் பழம் என்று நாம் எண்ணுகிறோம். அதுவும் முழு உண்மை அன்று. அதன் தாயகம் மத்திய ஆசியா. இன்றைய கசக்கஸ்தான் நாட்டில் தியான்சான் மலைச்சரிவுகளில் காட்டு ஆப்பிள் மரங்கள் தாமாகவே வளர்ந்து காடாக நிற்கின்றன. 1929ஆம் ஆண்டில் அப்பகுதிக்குச் சென்ற வவீலவ் என்ற ரஷ்யத் தாவர அறிஞர் அக்காடுகளைக் கண்டு, ஆப்பிளின் பிறப்பிடம் இதுவே என்று உணர்ந்தார். அங்கிருந்து வணிகர் வழியாக மேற்கே சென்றது ஆப்பிள். ஐரோப்பியர் குடியேறியபோது அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. இன்று அமெரிக்கர் தம் நாட்டுத் தன்மைக்கே ஆப்பிள் பையை அடையாளமாகக் கூறுகின்றனர். பழமும் வந்தது, பலகாரமும் வந்தது, இரண்டும் அங்கே வேரூன்றின.

நம் நாட்டுக்கும் அவ்வாறு வந்தது ஒரு கதை. அமெரிக்க நாட்டுப் பிலடெல்பியாவில் பிறந்த சாமுவேல் ஸ்டோக்ஸ் என்பவர், சிம்லாவுக்கு அப்பாலுள்ள கோட்கட் என்ற மலையூரில் குடியேறி, அவ்வூர்ப் பெண்ணையே மணந்து வாழ்ந்தார். மலைவாழ் மக்களின் வறுமை தீர வழி தேடிய அவர், 1916ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து செவ்வண்ண ஆப்பிள் கன்றுகளை வரவழைத்து நட்டார். அவரே காந்தியடிகளின் இயக்கத்தில் சேர்ந்து 1921இல் சிறை சென்றவர். பின்னர் சத்யானந்தர் என்று பெயர் மாற்றிக்கொண்டவர். இன்று இமாசலப் பிரதேசத்திலிருந்து லாரியேறி நம் ஊர்ச் சந்தைக்கு வரும் ஆப்பிளில் அவருடைய கைம்மணம் உண்டு.

ஆனால் நம் ஊர்ச் சமவெளியில் ஆப்பிள் ஏன் காய்ப்பதில்லை? அந்த மரத்துக்குக் குளிர் வேண்டும். பெரும்பாலான வகைகளின் மொட்டுகள் விரிவதற்குக் குளிர்காலத்தில் ஏறத்தாழ ஆயிரம் மணி நேரம் 7 டிகிரி செல்சியசுக்குக் கீழான குளிரில் மரம் உறங்கவேண்டும். சங்கரன்கோவிலின் வெயிலில் அந்த மரத்துக்கு உறக்கம் ஏது?

ஆப்பிள் உறங்க முடியாத அந்த வெயிலில் நிமிர்ந்து நிற்கிற மரம் ஒன்று உண்டு. அதுதான் பனை. இனி நம் வீட்டுக்கு வருவோம்.

சங்கரன்கோவில் 2019ஆம் ஆண்டு முதல் தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்தது. அதற்குமுன் திருநெல்வேலிச் சீமையின் ஊர். செம்மண்ணும் கரிசலும் சந்திக்கும் நிலம். இந்த ஊரைச் சுற்றி இனிப்புக்குப் புகழ்பெற்ற ஊர்கள் அரணாக நிற்கின்றன. தெற்கே திருநெல்வேலி அல்வா. வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா. கிழக்கே கோவில்பட்டிக் கடலைமிட்டாய். பால்கோவா 2019இலும் கடலைமிட்டாய் 2020இலும் புவிசார் குறியீடு பெற்றன. இவை யாவும் கடையில் வாங்கும் பண்டங்கள். அவற்றைச் செய்வோர் தேர்ந்த தொழிலாளர். நாம் பணம் கொடுத்து வாங்குவோர். ஆனால் எந்தக் கடையிலும் எளிதில் கிடைக்காத பலகாரம் ஒன்று தென்மாவட்டத்து வீடுகளில் உண்டு. அதுதான் ஓலைக் கொழுக்கட்டை. அந்த மாணவியின் கேள்விக்கு நான் கூறிய விடை அதுவே.

திருக்கார்த்திகை நாளன்று அதனைச் செய்வர். அந்நாளில் சிவன் கோயில்களின் முன்னே பனையை நட்டு, ஓலை வேய்ந்து, சொக்கப்பனை கொளுத்துவர். பிள்ளைகள் ஆண்பனையின் பூவைச் சுட்டுக் கரியாக்கி, துணியில் பொதிந்து, பனைமட்டையில் கட்டி, மாவலி சுற்றுவர். இருட்டில் பொறி வட்டமிடும். வெளியே இவ்வாறு பனையே விளக்காக எரியும்போது, வீட்டுக்குள்ளே பனையே பலகாரமாக வேகும்.

அதன் செய்முறையைச் சொல்லுகிறேன், விரும்புவோர் குறித்துக்கொள்ளுங்கள். பச்சரிசியை ஊறவைத்து, நீரை வடித்து, ஈரம் உலருமுன் இடித்துச் சலித்து, மாவை இளஞ்சூட்டில் வறுத்துக்கொள்ளவேண்டும். மாவு 2 பங்கு என்றால் தூளாக்கிய கருப்பட்டி 1 பங்குக்குச் சற்று மேலும், தேங்காய்த் துருவல் 1 பங்கும், வறுத்து அரைவேக்காடாக வேகவைத்த சிறுபயற்றம்பருப்பு கால் பங்கும் போதும். கருப்பட்டியைச் சிறிது நீரில் கரையவிட்டு, மண்ணும் தூசியும் போக வடிகட்டிக் கொதிக்கவைத்து, சுக்கும் ஏலமும் பொடித்துப் போட்டு, எல்லாவற்றையும் சேர்த்துப் பிசையவேண்டும். மாவு கையில் பிடித்தால் பிடிபடவேண்டும், ஒழுகக் கூடாது. பனங்குருத்தோலையைச் சாண் அளவாக நறுக்கிக் கழுவித் துடைத்து, அதன் மடிப்பில் மாவை நீளவாக்கில் அடைத்து, மேலே மற்றோர் ஓலையால் மூடி, ஓலை நாராலேயே கட்டிவிடவேண்டும். பிறகு இட்டலிக் கொப்பரையில் அடுக்கி ஆவியில் வேகவைத்தால், கால் மணி நேரத்துக்கெல்லாம் ஓலையின் மணம் எழும்பும். இன்னும் சிறிது நேரம் பொறுத்து இறக்கலாம். கட்டை அவிழ்த்துப் பார்த்தால் ஓலையின் வரிகள் கொழுக்கட்டையின்மேல் அச்சாகப் பதிந்திருக்கும்.

இதில் நான் உங்களுக்குக் காட்ட விரும்புவது ஒன்று உண்டு. கார்த்திகை மழைக்காலம். அப்போது பனையில் பதநீர் இல்லை. பாளையைச் சீவிப் பதநீர் இறக்கும் பருவம் மாசி பங்குனியில் தொடங்கி ஆடி வரையில் செல்லும். பனையேறி காலையிலும் மாலையிலும் மரத்தில் ஏறிப் பாளையைச் சீவுகிறார். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிவைக்கிறார். சுண்ணாம்பு இல்லையேல் காற்றிலுள்ள நுண்ணுயிர்கள் புகுந்து அதனைக் கள்ளாக்கிவிடும். இறக்கிய பதநீரைப் பெரும்பாலும் வீட்டுப் பெண்களே நெடுநேரம் அடுப்பெரித்துக் காய்ச்சுகின்றனர். பாகு பதத்துக்கு வந்ததும் சிரட்டைகளில் ஊற்றி ஆறவைத்தால் கருப்பட்டி. அதை ஓலைப்பெட்டியில் இட்டு, அடுப்புப் புகை படும் பரணில் ஏற்றிவைப்பர். மழைக்காலத்து ஈரத்தில் கருப்பட்டி கசிந்துவிடாமல் அந்தப் புகையும் சூடும் காக்கும். கோடையில் மரம் தந்த இனிப்பு, கார்காலத்தில் பரணிலிருந்து இறங்குகிறது.

ஆங்கில வீட்டில் இலையுதிர் காலத்து ஆப்பிள் நிலவறையில் காத்திருந்து, குளிர்காலத்தில் பையாயிற்று. நம் வீட்டில் கோடைகாலத்துப் பதநீர் பரணில் காத்திருந்து, மழைக்காலத்தில் கொழுக்கட்டையாயிற்று. அவர்கள் நிலத்துக்கு அடியில் வைத்தார்கள். நாம் அடுப்புக்கு மேலே வைத்தோம். நாடு வேறு, மரம் வேறு, மொழி வேறு. ஆயினும் வீட்டின் அறிவு ஒன்றே. ஒரு பருவத்தின் இனிப்பை மற்றொரு பருவத்துக்குக் காத்துவைப்பதே குடும்பப் பலகாரத்தின் உயிர்.

வேறுபாடும் உண்டு, அதனை அறிவியல் பயிலும் மாணவர் கவனிக்கவேண்டும். அவர்களுடையது சுடுவது, நம்முடையது அவிப்பது. திறந்த கொப்பரையில் நீராவியின் வெப்பம் 100 டிகிரி செல்சியசைத் தாண்டாது. ஆகவே கொழுக்கட்டை ஒருபோதும் கருகுவதில்லை, சிவப்பதும் இல்லை. ரொட்டி அடுப்பிலோ வெப்பம் 180, 200 டிகிரி வரை ஏறும். மாவிலுள்ள புரதமும் சர்க்கரையும் ஏறத்தாழ 140 டிகிரிக்கு மேல் விரைவாகக் கூடிப் பொன்னிறத்தையும் தனி மணத்தையும் உண்டாக்கும். அப்படியானால் ஆவி வலிமை குறைந்ததா? இல்லை. ஒரு கிராம் நீராவி குளிர்ந்து நீராகும்போது ஏறத்தாழ 540 கலோரி வெப்பத்தை வெளிவிடுகிறது. சுடும் அடுப்பின் காற்றில் கை ஒரு நொடி தாங்கும், ஆவியில் தாங்காது. சிறிதளவு விறகைக்கொண்டு ஒரு கொப்பரை நிறைய வேகவைக்கும் சிக்கனம் ஆவிக்கு உண்டு. விறகு அரிதான வறண்ட நாட்டில் அவித்துண்ணும் முறை சிறந்தோங்கியதில் வியப்பில்லை.

இனி, 'நாங்கள் ஆப்பிள் பலகாரத்தையும் செய்து பார்க்கவேண்டும்' என்று சிலர் விரும்பலாம். நன்றாகச் செய்யுங்கள். அயலது என்று தள்ளவேண்டியதில்லை. கோவில்பட்டிக் கடலைமிட்டாயின் நிலக்கடலை தென் அமெரிக்காவிலிருந்து வந்தது; நம் குழம்பின் மிளகாயும், பாயசத்தின் முந்திரியும் கடல் கடந்து வந்தவையே. சிவனும் திருமாலும் ஒரே திருமேனியில் பாதியும் பாதியுமாகக் காட்சி தரும் சங்கரநாராயணர் ஊரில் பிறந்தவர்கள், இரண்டு மரபுகள் ஓர் அடுப்பில் சேர்வதைக் கண்டு அஞ்சவேண்டுமா?

சுடுவதற்கு நம்மிடம் அடுப்பு இல்லையே என்பீர்கள். நம் முன்னோரிடம் வழி இருந்தது. சங்கரன்கோவில் பிரியாணிக்குப் பெயர் பெற்ற ஊர். பிரியாணியைத் 'தம்' போடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பாத்திரத்தை இறுக மூடி, கீழே தணலும் மூடியின்மேல் கங்கும் வைப்பது அம்முறை. தென்னாட்டு முஸ்லிம் இல்லங்களில் ரவை, முட்டை, சர்க்கரை, நெய் ஆகியவற்றைக் கலந்து இதே முறையில் 'தம் அடை' சுடுகிறார்கள். மேலும் கீழும் நெருப்பு, நடுவே பலகாரம். இதைவிட ரொட்டி அடுப்பு வேறு என்ன செய்கிறது?

எங்கள் வீட்டில் நாங்கள் செய்யும் விதம் இது. மைதா 300 கிராம், வெண்ணெய் 200 கிராம், குளிர்ந்த நீர் ஏறத்தாழ 100 கிராம்; எடையில் 3, 2, 1 என்பது நினைவில் வைக்க எளிது. வெண்ணெய் உருகாமல் மாவில் சிறு சிறு துணுக்குகளாக நிற்கவேண்டும். அத்துணுக்குகள் சூட்டில் உருகும்போது, அவை இருந்த இடங்களில் அடுக்கடுக்காகப் பிரிவு உண்டாகி உறை மொறுமொறுப்பாகும். நம் ஊர் வெயிலில் இது பகலில் நடவாது. மார்கழி விடியற்காலம் இதற்கு ஏற்றது. கைக்கும் பாத்திரத்துக்கும் குளிர்ச்சி தானே கிடைக்கும். ஆப்பிள் 4 அல்லது 5 எடுத்துத் தோல் சீவித் துண்டாக்கி, உடனே எலுமிச்சைச் சாறு பிழிந்துவிடுங்கள். அறுத்த ஆப்பிள் காற்றுப் பட்டுக் கறுப்பதைப் புளிப்புத் தடுக்கும். எலுமிச்சைக்குப் பக்கத்தூரான புளியங்குடியே பெயர் பெற்றது. சர்க்கரைக்கு மாறாகக் கருப்பட்டித் தூள் 100 கிராமும், சுக்கும் பட்டையும் ஒவ்வொரு சிட்டிகையும், சாற்றை உறிஞ்ச ஒரு கரண்டி அரிசிமாவும் சேருங்கள். ஒரு தட்டில் உறையைப் பரப்பி, நடுவே இதை நிரப்பி, மேலே மூடி ஓரங்களை ஒட்டி, ஆவி வெளியேற நாலைந்து கீறல்கள் இடுங்கள்.

கனத்த பாத்திரத்தில் இரண்டு விரல் உயரம் மணல் பரப்பி நன்றாகச் சூடேற்றி, ஒரு சிறு வளையத்தின்மேல் தட்டை வைத்து மூடவேண்டும். மூடியின்மேல் சிரட்டைக் கங்கு பரப்பவேண்டும். ஒரு மணி நேரம் பொறுங்கள். இதனைக் காற்றோட்டமுள்ள முற்றத்தில் செய்யவேண்டும். அடைத்த அறையில் கரிப்புகை உயிருக்கே கேடு. இமாசல ஆப்பிளும், தேரிக்காட்டுக் கருப்பட்டியும், புளியங்குடி எலுமிச்சையும் ஒரு தட்டில் கூடுகின்றன. கருப்பட்டி சேர்ந்த ஆப்பிளின் சுவை எனக்கு மிகவும் பிடிக்கும். புகை மணமும் புளிப்பும் ஒன்றையொன்று தழுவி நிற்கும்.

நேயர்களே, இவ்விரண்டு பலகாரங்களில் எது நிலைக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். ஆப்பிளைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. காற்றிலுள்ள பிராணவாயுவைக் குறைத்துக் குளிர்விக்கும் பெரிய கிடங்குகள் அதனைப் பல மாதம் காக்கின்றன. வணிகர் அதனை ஊரூராகச் சேர்க்கின்றனர். ஓலைக் கொழுக்கட்டைக்கு அத்தகைய காவலர் இல்லை. அதற்கு வேண்டுவன மூன்று: நிற்கும் மரம், ஏறும் மனிதர், செய்யும் கை. மூன்றும் குறைந்துவருகின்றன.

மரம் செங்கற் சூளைக்கும் சாலை அகலப்படுத்துவதற்கும் விழுகிறது. 1978ஆம் ஆண்டிலேயே பனை தமிழ்நாட்டின் மாநில மரமாக அறிவிக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை, பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று அறிவித்தது. 2023இல் உடன்குடிப் பனங்கருப்பட்டி புவிசார் குறியீடு பெற்றது. இவை நல்ல செய்திகளே. ஆனால் நட்ட பனை பாளை விடப் பதினைந்து ஆண்டுகள்கூட ஆகலாம். இன்று வெட்டிய மரத்தின் இழப்பை நாளைக்கே ஈடுசெய்ய எந்த ஆணையாலும் இயலாது.

ஏறும் மனிதரோ உயிரைப் பணயம் வைத்து ஏறுகிறார். மழை நனைந்த மரத்தில் கால் வழுக்கினால் வாழ்வே முடிந்துபோகும். அத்தனை துணிவும் திறமையும் வேண்டிய தொழிலைச் சமுதாயம் நெடுங்காலம் தாழ்வாகவே மதித்தது. அவருடைய மக்கள் அத்தொழிலை விட்டு வேறு வேலைக்குச் செல்வதை யார் குறைகூற முடியும்? கருப்பட்டியின் விலை ஏறிவிட்டதென்று கடையில் முணுமுணுக்கும்போது, அந்த விலையில் எத்தனை முறை ஏறி இறங்கிய கால்கள் இருக்கின்றன என்று கணக்கிடுவது நம் கடமை. விலை மலிவாகக் கிடைக்கும் கருப்பட்டியில் வேறு சர்க்கரை கலந்திருப்பதும் உண்டு. நியாயமான விலை கொடுத்து நல்ல கருப்பட்டியை வாங்குவதே அத்தொழிலுக்கு நாம் செய்யும் மரியாதை.

மூன்றாவது, செய்யும் கை. இங்கே மாணவர்களாகிய உங்களிடம் வெளிப்படையாகவே பேசுகிறேன். கூடி உண்ணும் பலகாரம் என்று பெருமை பேசுகிறோம். ஆனால் பெரும்பாலான வீடுகளில் உண்பதற்குத்தான் கூட்டம். செய்வதற்கு ஒருத்தி மட்டுமே நிற்கிறாள். மாவிடிக்கவும், தேங்காய் துருவவும், ஓலை நறுக்கவும், புகையில் நிற்கவும் தாய் ஒருத்தியே என்றால், அவள் களைத்த நாளில் அந்தப் பலகாரமும் மறைந்துபோகும். மறைந்தபின் 'பழைய சுவை போயிற்றே' என்று பாட்டுப் பாடிப் பயனில்லை. ஓலைக் கொழுக்கட்டை பல கைகள் சேர்வதற்கென்றே அமைந்த பலகாரம். ஆண்பிள்ளைகள் ஓலை வெட்டிக் கழுவலாம், கருப்பட்டியைத் தட்டலாம், தேங்காய் துருவலாம். சிறுவர் நார் கிழிக்கலாம். தாத்தா உட்கார்ந்தபடியே கட்டுப் போடலாம். மாவின் பதம் பார்ப்பது மட்டும் பழகிய கைக்கு உரியது. அந்தப் பதத்தையும் பக்கத்திலிருந்து கற்றுக்கொள்ளுங்கள். அளவுகளைப் புத்தகத்தில் எழுதலாம். கையில் பிடித்தால் பிடிபடவேண்டும் என்பதைக் கைதான் கற்கவேண்டும்.

கல்வி என்பது உலகத்தை அறிவது. அந்த உலகத்தில் நம் வீட்டு அடுப்பும் அடங்கும். ஆங்கிலக் கதையில் வரும் பாட்டியின் பலகாரத்தை அறிந்த மாணவர், தம் பாட்டியின் பரணில் என்ன இருந்தது என்பதையும் அறிந்திருக்கவேண்டும். வருகிற கார்த்திகைக்குள் உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் ஊரில் பனையேறுபவர் யார் என்று விசாரியுங்கள். குருத்தோலையை மரத்துக்குக் கேடின்றி அவர் எவ்வாறு வெட்டுகிறார் என்று கேளுங்கள். வீட்டில் முதியவர் ஒருவரிடம் அமர்ந்து செய்முறையை எழுதிக்கொள்ளுங்கள். சொல்லியவரின் பெயரையும் அதன் மேலே மறவாமல் எழுதுங்கள். பிராம்லி ஆப்பிளுக்கு நேர்ந்தது நம் வீட்டுப் பலகாரத்துக்கும் நேரவேண்டாம். பிறகு எல்லாரும் சேர்ந்து செய்யுங்கள். ஒரு கொட்டை கிடைத்தால் வேலியோரத்திலோ குளக்கரையிலோ ஊன்றிவையுங்கள். நீங்கள் பெற்றோராகும் காலத்தில் அது ஓலை விரித்து நிற்கும்.